மேளம் நின்ற பிறகும் ஆடியவர்

தாதி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நோயாளியைத் திட்டுவது எப்படி என்பது உங்களுக்கு வந்துவிடும். அதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊசி போடும்போது கை நடுங்கும், நரம்பு கிடைக்காமல் வியர்த்துக் கொட்டும். ஆனால் "ஏன் இவ்வளவு ஏறியிருக்கு, என்ன சாப்பிட்டீங்க?" என்று அதட்டும்போது மட்டும் குரல் கணீரென்று வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஓர் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் குரல் மருந்து கொடுக்கும் சன்னல் வரைக்கும் கேட்கும் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஊசியைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். ஓர் ஆடித் திருவிழாவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்கள் விருப்பம்போல் திட்டிக்கொள்ளுங்கள்.

சந்திரன் என்று ஒருவர். செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், ஏற்றும் டாங்கி லோரி ஓட்டுபவர், நாற்பதைத் தாண்டியவர். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போய் வருவதுதான் அவருடைய வாழ்க்கை. மனைவி கலாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இவர் வீட்டுக்கு வரும்போது அவள் தொழிற்சாலை பஸ்ஸில் இருப்பாள், அவள் வரும்போது இவர் சாலையில் இருப்பார். சந்திரனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பது தெரிந்து எங்கள் கிளினிக்குக்கு வரத் தொடங்கியிருந்தார். மாத்திரை கொடுத்திருந்தோம்.

ஆள் மரியாதையானவர். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "ரெண்டு சப்பாத்தி மிஸ்ஸி, கொஞ்சம் கீரை" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். இரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்லும். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. சப்பாத்தியும் கீரையும் தின்று இப்படி ஏறுகிறதென்றால் அந்தக் கீரையைக் கரும்புத் தோட்டத்தில்தான் பறித்திருக்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த முறை வந்தபோதும் அதே சப்பாத்தி, அதே கீரை.

எங்கள் கிளினிக் சுவரில் ஒரு சுவரொட்டி இருந்தது. 'உங்கள் ஆரோக்கியம் உங்கள் பொறுப்பு' என்று எழுதியிருக்கும். ஒரு மூலையில் டேப் கழன்று எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். வாசலுக்கு வந்து எதிரே பார்த்தால் சாலையோரத்தில் வீட்டுக் கூரை அகலத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் பொரித்த கோழி, பளபளவென்று, ஆவி பறக்க. தீபாவளி வந்தால் மசாலா பர்கர், நோன்புப் பெருநாள் வந்தால் அதற்கு ஒன்று, சீனப் பெருநாள் வந்தால் அதற்கும் ஒன்று. ஊரில் சாமியும் மனிதரும் மறந்துபோன நாளைக்கூட அந்தக் கடைக்காரன் ஞாபகம் வைத்திருப்பான். பலகையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போனாலும் விடமாட்டான். பசிக்கும் நேரம் பார்த்து ஹேண்ட்போனில் டிங் என்று ஒரு சத்தம் வரும். ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா.

கோயிலுக்கும் அந்தப் பழக்கம் வந்து சேர்ந்தது. நான் சொல்லும் கோயில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கிறது. ரவாங்கில் குடியேறியவர்கள், இன்னும் எங்கெங்கோ போனவர்கள் எல்லோரும் ஆடித் திருவிழாவுக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பால்குடம் எடுக்கும் நாளில் முதலுதவிக் கூடாரத்தில் உட்காருவது என் வேலை. சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு.

முன்பெல்லாம் தண்ணீர்ப் பந்தலில் மோரும் பானகமும் கொடுப்பார்கள். பிறகு ஒரு பானக் கம்பெனி வேனைக் கொண்டுவந்து நிறுத்தி டின் டின்னாக இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. இனிப்பு நீர்க்காரர்கள் பாதிப் பேர் இருக்கிற கூட்டத்தில் இப்படிச் சீனித் தண்ணீரை வாரி வழங்கலாமா என்று கோயில் தலைவரிடம் சண்டை போட்டேன். அடுத்த ஆண்டு அவர் தானே என்னைத் தேடி வந்தார். கம்பெனியிடம் சொல்லிவிட்டாராம், இந்த முறை எல்லாமே சீனி போடாத டின்தானாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கம்பெனியின் பதாகை மட்டும் அம்மன் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. பானக அண்டாவை அந்த ஆண்டு யாரும் வெளியே எடுக்கவில்லை. சும்மா கிடைக்கும்போது வெல்லத்தை யார் கரைத்துக்கொண்டிருப்பார்கள்?

அன்றைக்கு நல்ல வெயில். பால்குடங்கள் கோயிலைச் சுற்றி வந்து, உள்ளே அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. உருமி மேளக்காரர்கள் ஓய்வெடுக்க உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் தலைவர் என் கூடாரத்துக்கு வந்து, சந்திரனுக்குச் சாமி வந்திருக்கிறது, இறங்கமாட்டேன் என்கிறது, கீழே விழுந்து தலையில் அடிபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அருள் வருவதை நான் கேலி செய்கிறவள் இல்லை. என் அம்மாவுக்கே வரும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மேளம் ஏற ஏற ஆட்டம் ஏறும், மேளம் நின்றால் ஆட்டம் தளரும், பூசாரி திருநீறு போட்டால் இறங்கிவிடும். சந்திரனைச் சுற்றி ஒரே கூட்டம். மேளம் எப்போதோ நின்றுவிட்டது. மனிதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார். திருநீறும் போட்டுப் பார்த்துவிட்டார்கள், மஞ்சள் தண்ணீரும் ஊற்றிவிட்டார்கள். பெண்கள் கைகூப்பிக் குறி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரோ வாய் குழற, "பிரேக் பிடிக்கல, பிரேக் பிடிக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆத்தாளுக்கு எதற்கு பிரேக்? அங்கேதான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது.

கிட்டே போய்க் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. வெயிலில் ஆடுகிறவர்களின் உடம்பு கொதிக்கும். இவருடைய தோல் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைப்போல் குளிர்ந்து நனைந்திருந்தது. விரலில் குத்திப் பார்க்கலாம் என்றால் கையை நிலையாக வைத்திருக்க முடியவில்லை. சுற்றியிருந்தவர்களும் சாமியைத் தொடாதீர்கள் என்று என்னைத் தள்ளினார்கள். கலா பக்கத்திலேயே அழுதுகொண்டு நின்றாள். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன்.

"வெரதம் மிஸ்ஸி. நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணுமே சாப்பிடல."

"மாத்திரை?"

"அத விட மாட்டாரு. அது மட்டும் நேரத்துக்குப் போட்டுருவாரு."

வயிற்றில் ஒன்றும் இல்லை, மாத்திரை மட்டும் போயிருக்கிறது. சீனி இறங்கிவிட்டது என்று முடிவு கட்டி குளுக்கோஸைக் கையில் எடுத்தேன். அப்போது கலா சொன்னது என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆனா சீனி கொறைஞ்சிருக்காது மிஸ்ஸி. நடுக்கமா இருக்குன்னு சொல்லிட்டு இப்பதான் ஒரு டின்னு பூரா குடிச்சாரு. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, நடுக்கம் வந்தா இனிப்பா எதாச்சும் குடிங்கன்னு."

ஒரு டின் இனிப்பு உள்ளே போயும் இப்படி இருக்கிறார் என்றால் இது வேறு ஏதோ. மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருக்குமோ? வெயில் தாக்கிவிட்டதா? இல்லை, உண்மையிலேயே அவர்கள் சொல்வதுபோல் சாமிதானா? உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வரும். தெரிந்த பாடமெல்லாம் கலைந்துபோய், சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். அப்போது புதிதாக யோசிக்கப் பார்க்காதீர்கள். சொன்னதைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள், அது போதும். நான் அந்த டின்னைக் கேட்டேன். கலா கையில்தான் வைத்திருந்தாள், வேனிலிருந்து வாங்கியது; நானே சண்டை போட்டு வரவழைத்து, பதற்றத்தில் மறந்தே போன டின். பெரிய எழுத்தில், படத்தோடு, சீனி அறவே இல்லை என்று போட்டிருந்தது.

கம்பெனி பொய் எழுதவில்லை. உள்ளதை உள்ளபடிதான் எழுதியிருந்தது. நாக்குக்கு அது இனிப்பு, இரத்தத்துக்கு வெறும் தண்ணீர். பாவம், சந்திரன் நான் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்திருந்தார். இனிப்பாக இருக்கிறதே என்று நம்பி, சரியாகிவிடும் என்று காத்திருந்து, அப்படியே புத்தி தடுமாறிப் போயிருக்கிறார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லித் தலைவரை விரட்டினேன். குளுக்கோஸைக் கரைத்து வாயருகே கொண்டுபோனால் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டார். "வெரதம்" என்று உறுமி என் கையைத் தட்டிவிட்டார். கிண்ணம் பறந்துபோய் விழுந்தது. இன்னொரு தரம் முயன்றேன், அதுவும் தரையில் போனது. நடுக்கத்துக்கு டின்னைக் குடித்தவர்தான், ஆனால் புத்தி போன பிறகு விரதம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது அந்த மனிதருக்கு. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நினைவு தப்பிவிடும், அதன்பிறகு வாய்வழியாக எதையும் கொடுக்க முடியாது. ஆம்புலன்ஸ் செம்பனைக்குள் வந்து சேர நேரம் ஆகும்.

நான் பூசாரியிடம் ஓடினேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். அபிஷேகத்தில் நின்றவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டி வந்தேன்.

"சாமி இருக்கட்டும் பூசாரியண்ணே. ஆளு போயிருவாரு. நான் குடுத்தா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு, நீங்க குடுத்தா தொறப்பாரு. அபிஷேகத் தேன் மிச்சம் இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார், கீழே உட்கார்ந்திருந்த சந்திரனைப் பார்த்தார். உள்ளே போய்த் தேன் கிண்ணத்தோடு வந்தார். கூட்டம் தானாக விலகியது.

"சந்திரா, ஆத்தா பிரசாதம்டா. வெரதம் நிறைவாயிருச்சு. வாயத் தொற."

திறந்தார். நானும் குளுக்கோஸும் மன்றாடித் திறக்காத வாய், பூசாரியின் ஒரு சொல்லுக்குப் பிள்ளையைப்போல் திறந்தது. விரலில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கன்னத்துக்கு உள்புறம் தடவச் சொன்னேன். அவர் விழித்திருந்தார், விழுங்கவும் முடிந்தது, அதனால்தான் கொடுத்தேன். நினைவில்லாதவர் வாயில் நீங்கள் எதையும் ஊற்றிவிடாதீர்கள். தேனுக்குப் பிறகு பஞ்சாமிர்தம், அதற்குப் பிறகு என் குளுக்கோஸ். பூசாரி கையால் கொடுத்ததால் அதுவும் தீர்த்தமாக இறங்கியது.

ஆட்டம் மெல்ல அடங்கியது. கண்ணில் மனிதர் திரும்பி வருவது தெரிந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்னா பூசாரியண்ணே, ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார். கலா அவர் மடியில் விழுந்து அழுதாள். நான் விரலில் குத்திப் பார்த்தேன். அவ்வளவு தேனுக்குப் பிறகும் அளவு தாழ்ந்துதான் இருந்தது. அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் குளுக்கோஸைக் கரைத்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது சந்திரன் எழுந்து நடந்துகொண்டிருந்தார். வடையும் சாப்பிட்டிருந்தார். "சரியாயிருச்சு லா மிஸ்ஸி, சாயந்தரம் லோரி எடுக்கணும்" என்றார். சுற்றியிருந்தவர்களும் ஆள்தான் நன்றாக இருக்கிறாரே, எதற்கு ஆஸ்பத்திரி என்றார்கள். பிரசாதம் சாப்பிட்டுச் சாமி இறங்கினவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவது அவர்களுக்கு அவமரியாதையாகக்கூட இருந்தது. நான் விடவில்லை. தேன் கொஞ்ச நேரத்தில் செலவாகிவிடும், மாத்திரை உடம்பில் இருந்துகொண்டு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். லோரிச் சாவியை அவரிடமிருந்து வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்ளும்படி கலாவிடம் சொன்னேன். சாவி போனதும் ஆளும் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டார்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு மறுபடியும் சீனி இறங்கியது. பக்கத்தில் தாதி இருந்தாள், கையில் டிரிப் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தது, உடனே சரி செய்துவிட்டார்கள். அந்த நேரத்துக்கு அவர் டாங்கி நிறைய எண்ணெயோடு சாலையில் இருந்திருக்க வேண்டியவர். எதிரே எத்தனை கார்கள், எத்தனை மோட்டார் சைக்கிள்கள். செய்தி கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. வீட்டில் சாமி படத்தின் முன் விளக்கேற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் பார்க்கப் போனேன். கலாதான் பேச்சை ஆரம்பித்தாள், சந்திரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்லத்தான் எல்லாம் வெளியே வந்தது. ஆலை வாசலில் லோரி வரிசை நகராமல் நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு டிங் என்று சத்தம் கேட்கும். மோட்டார் சைக்கிளில் கோழி லோரி வரைக்கும் வந்துவிடும். ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா, சும்மா வந்ததை எறிவது பாவம் என்று அதையும் தின்றுவிடுவார். தின்று முடித்ததும் பயம் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தண்டனையாக அன்றைக்கு ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்வார். பல மாதங்களாக இப்படியே நடந்திருக்கிறது. கடைசியில் மனம் வெறுத்துப்போய், இனிமேல் அந்தக் கோழியைத் தொடமாட்டேன் என்று ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டு, சோற்றையும் விட்டு, மாத்திரையைக் கூட்டிப் பால்குடம் எடுத்திருக்கிறார்.

மாத்திரை என்ன மொட்டை அடிக்கிற நேர்த்திக்கடனா, பாவத்துக்கு ஏற்ற மாதிரிக் கூட்டிக்கொள்வதற்கு என்று என் குரல் உயர்ந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"என் ஒடம்பு என் பொறுப்புன்னு நீங்கதானே மிஸ்ஸி எழுதி ஒட்டியிருக்கீங்க. அதான் எல்லாத்தையும் நானே பாத்துக்கிட்டேன்."

பொறுப்பு என்றால் யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சமாளிப்பது என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? கடைக்காரன் தின்னு தின்னு என்று ஒரு பக்கம் கத்துகிறான், நாம் தின்னாதே தின்னாதே என்று இன்னொரு பக்கம் கத்துகிறோம். லோரிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் சத்தம்தான். ஆனால் ஒன்று, கோழியை எடுத்து வாயில் வைத்தது அவருடைய கைதான், பலகை கீழே இறங்கி வந்து ஊட்டிவிடவில்லை. இதையும் அவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை, தலையை ஆட்டினார். பொறுப்பு அவருடையதுதான், ஆனால் அதைத் தூக்க இன்னொரு கையும் வேண்டும். கலாவும் நானும் இருக்கிறோம், மருத்துவர் இருக்கிறார், மாத்திரையின் அளவை அவர் பார்த்துக்கொள்வார், உண்மையை மட்டும் எங்களிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, லோரி ஓட்டுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கச் சொன்னார். முதலாளி நல்லவர், அதுவரைக்கும் பட்டறையில் வேலை கொடுத்தார். கோழிக் கடையின் டிங் சத்தத்தைக் கலா ஹேண்ட்போனிலிருந்து எடுத்துவிட்டாள். ஷிப்டுக்குப் போவதற்கு முன் இரண்டு பேருக்கும் சோறு கட்டி வைத்தாள். அவள் ஷிப்டு மாறும் வாரங்களில் சந்திரனே சமைக்கக் கற்றுக்கொண்டார். சாம்பார் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை என்பது கலாவின் புகார். பலகை என்னவோ அப்படியேதான் நிற்கிறது, நடுவில் இன்னொன்றும் முளைத்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு சந்திரன் பரிசோதனைக்கு வந்தார். மறுபடியும் லோரி எடுக்க ஆரம்பித்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அளவு அவ்வளவு நன்றாக இல்லை என்பது மட்டும் என் கையிலிருந்த தாளில் தெரிந்தது. அவர் தலையைக் குனியாமல் என்னை நேராகப் பார்த்து, கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மிஸ்ஸி, முந்தாநாளு கோழி சாப்பிட்டேன். கடையில ஒக்காந்து, கலாவோட. மாத்திரை எதுவும் கூடுதலாப் போடல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சப்பாத்தி இல்லை, கீரை இல்லை. ஒரு மனிதர் பயமில்லாமல் என் முன்னால் உட்கார்ந்து, தான் தின்றதைத் தின்றேன் என்று சொல்கிறார். இனிமேல் இவர் சாகமாட்டார் என்று எனக்கு அப்போது தோன்றியது. திட்ட வாயெடுத்த நான், நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.



"மொதத் துண்டு நல்லா இருந்துச்சு மிஸ்ஸி. ரெண்டாவது அவ்வளவா இல்ல. அப்படியே வெச்சிட்டு வந்துட்டோம்."